தைரோகுளோபுலின் பூஜ்யம், ஆன்டிபாடி மட்டும் ஏறுகிறது: 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

தைராய்டு புற்றுக்கு அறுவை செய்துகொண்ட ஒரு சிறுமியை அவளுடைய 12 வயதிலிருந்து ஐந்தரை ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். இரண்டாம் ஆண்டின் முடிவில் அவள் கழுத்தின் மறுபக்கத்தில் புற்று இருப்பது தெரிந்தது. அதற்கு எட்டு மாதம் முன்பே அதற்கான தடயம் எங்கள் கையிலிருந்த ரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்தது. நாங்கள் அதைப் படித்தோம், ஆனால் அதற்குரிய பொருளில் படிக்கவில்லை. குழந்தைகளில் இந்தப் புற்று திரும்பும் வாய்ப்பை எப்படிக் கணிப்பது என்று யோசிக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால், குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பின்னணி

சிறுமிக்கு வலது கழுத்தில் நெறி கட்டியிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைப் புண்ணால் வந்த நெறி என்று எடுத்துக்கொண்டு இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து மாதமாகியும் நெறி கரையவில்லை. தலை வாரிவிடும்போது, அதற்குக் கீழே இன்னொரு முடிச்சும் தட்டுப்படுவதை அம்மாதான் கவனித்தார்.

குழந்தைகளுக்குத் தைராய்டில் கட்டி வருவது அரிது. வந்தால் அது புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். பெரியவர்களில் தைராய்டு கட்டிகளில் 5 முதல் 10 சதவீதம் புற்று என்றால், குழந்தைகளில் 22 முதல் 26 சதவீதம். பாப்பிலரி வகைதான் பெரும்பாலும். கண்டுபிடிக்கும்போதே பல குழந்தைகளுக்கு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும். ஆகவே வலியில்லாத, கரையாத நெறி இருந்தால் தைராய்டையும் சேர்த்து ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடுவது நல்லது. குடும்பத்தில் யாருக்கும் தைராய்டு புற்று இல்லை, சிறுமி இதற்கு முன் கதிர்வீச்சு சிகிச்சை எதுவும் பெற்றதில்லை.

அல்ட்ராசவுண்டில் தைராய்டின் வலது மடலில் 2.6 செ.மீ. கட்டி தெரிந்தது. ஓரம் ஒழுங்கற்றிருந்தது, உள்ளே மணல்துகள் போலச் சுண்ணாம்புப் புள்ளிகள். வலது பக்கக் கழுத்தில் சந்தேகத்துக்கிடமான இரண்டு கணுக்கள். இடது பக்கத்தைப் பற்றி அறிக்கையில் ஒரே ஒரு வரி: "குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் இல்லை." இந்த வரிக்கு அப்புறம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

கட்டியிலும் ஒரு கணுவிலும் செய்த ஊசிப் பரிசோதனை பாப்பிலரி புற்று என்று உறுதிசெய்தது.

முதல் அறுவையும் திசு அறிக்கையும்

தைராய்டு முழுவதும் எடுக்கப்பட்டது. நடுக்கழுத்துக் கணுக்களும் வலது பக்கக் கழுத்துக் கணுக்களும் அகற்றப்பட்டன. இந்த அறுவையை அடிக்கடி செய்து பழகிய கை என்பதால் குரல் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்சியம் மட்டும் இரண்டு வாரம் குறைந்திருந்து பிறகு சரியாகிவிட்டது.

திசு அறிக்கையின் முக்கிய விவரங்கள் இவை. 2.6 செ.மீ. அளவுள்ள, வழக்கமான பாப்பிலரி புற்று. தைராய்டின் உறையை நுண்ணளவில் தாண்டியிருந்தது. நடுக்கழுத்தில் எடுத்த 11 கணுக்களில் 7-இல் புற்று, வலது பக்கக் கழுத்தில் 19-இல் 2. சுற்றியிருந்த தைராய்டுத் திசுவில் ஹாஷிமோட்டோ வகை அழற்சி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வரும் அழற்சி. கடைசி விவரத்தை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம். இந்தக் கதையே அந்த வரியில்தான் தொடங்குகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

"எத்தனை சதவீதம் டாக்டர்?"

அறிக்கை வந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது திரும்பி வருமா டாக்டர்?" அப்பா கேட்டது, "எத்தனை சதவீதம்?"

அவர்கள் ஏற்கெனவே ஒரு குழப்பத்தோடு வந்திருந்தார்கள். ஒரு தாளில் "நிலை 1" என்று இருந்தது, இன்னொரு தாளில் "நடுத்தர ஆபத்து" என்று. நிலை 1 என்றால் ஆரம்பக்கட்டம்தானே, அப்புறம் ஏன் நடுத்தரம்? நியாயமான கேள்வி. நிலை எண் என்பது உயிருக்கு உள்ள ஆபத்தைச் சொல்லும் அளவுகோல். அந்த அளவுகோலின், இப்போது புழக்கத்தில் உள்ள எட்டாம் பதிப்பின்படி, 55 வயதுக்குக் கீழே இருக்கும் எவருக்கும், தொலைவான உறுப்புகளுக்குப் பரவாதவரை, கழுத்தில் எத்தனை கணுவில் இருந்தாலும் நிலை 1-தான். அதாவது நுரையீரலுக்குப் போகாத எல்லாக் குழந்தைகளும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்பதை அந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்காகத்தான் அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-இல் குழந்தைகளுக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டபோது மூன்று பிரிவுகளை வகுத்தது. நோய் தைராய்டுக்குள்ளேயே இருந்தாலோ, நடுக்கழுத்தில் ஒருசில கணுக்களில் நுண்ணளவில் மட்டும் இருந்தாலோ குறைந்த ஆபத்து. நடுக்கழுத்தில் விரிவாகவோ பக்கக் கழுத்தில் சிறிதளவோ இருந்தால் நடுத்தரம். பக்கக் கழுத்தில் விரிவாகப் பரவியிருந்தாலோ, அருகிலுள்ள உறுப்புகளை ஊடுருவியிருந்தாலோ உயர் ஆபத்து, நுரையீரலுக்குப் போயிருந்தாலும் இல்லாவிட்டாலும். எங்கள் சிறுமி நடுத்தரத்தில் வந்தாள். அறுவைக்குப் பிறகும் கழுத்தில் நோய் மிச்சமிருக்கவோ, நுரையீரலில் தென்படவோ எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் இந்தப் பிரிவுகள் சொல்கின்றன.

அப்பாவின் கேள்விக்கு நான் "சுமார் 30 சதவீதம்" என்று பதில் சொன்னேன். அந்த எண் ஆதாரமில்லாதது அல்ல. மேயோ கிளினிக்கில் 1940 முதல் 2008 வரை சிகிச்சை பெற்ற 215 சிறுவர் சிறுமியரின் ஆய்வில், 40 ஆண்டுக் கணக்கில் சுமார் மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பியது. தைராய்டு புற்றால் இறந்தவர்களோ இருவர் மட்டுமே. திரும்பும் வாய்ப்பு கணிசம், உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. குழந்தைகளின் தைராய்டு புற்றைப் பற்றி ஒரு குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டும் சேர்ந்த உண்மைதான்.

ஆனால் அன்று அந்த எண்ணை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அந்த ஆய்வு தொடங்கிய காலத்தில் அல்ட்ராசவுண்டே இல்லை, அறுவை முறையும் வேறு. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: பல ஆய்வுகளில் "திரும்பி வந்த நோய்" என்று எண்ணப்படுவதில் ஒரு பகுதி, முதல் நாளே எடுபடாமல் தங்கிவிட்ட நோய். உண்மையிலேயே போய்த் திரும்பி வந்ததும், போகவே போகாமல் பின்னால் கண்ணில் பட்டதும் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. முன்னதைக் கணிப்பது உயிரியல் சார்ந்த வேலை. பின்னதோ, எவ்வளவு கவனமாகத் தேடினோம் என்பதையும் பொறுத்தது.

குழந்தைகளுக்கான கணிப்பு மாதிரிகள் இப்போது நிறைய வருகின்றன. கட்டியின் அளவு, கணுக்களின் எண்ணிக்கை, எடுத்ததில் எத்தனை பங்கு புற்று, உறை தாண்டல், வயது, அறுவைக்குப் பிந்தைய தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் தயாரிக்கும் புரதம்) என்று காரணிகளைப் போட்டு ஒரு சதவீதம் தருகின்றன. பயன் இல்லாமல் இல்லை. ஆனால் நோய் அரிது, குழந்தைகள் குறைவு. 150 பேரை வைத்து உருவாக்கிய மாதிரியில் 30 பேருக்குத்தான் நோய் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 நிகழ்வுகளின் மேல் பத்துக் காரணிகளை ஏற்றினால், மாதிரி அந்த 150 பேரை மனப்பாடம் செய்துகொள்ளும், 151-வது குழந்தையிடம் தடுமாறும். வேறு மருத்துவமனைக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்காத மாதிரியின் சதவீதத்தைக் குடும்பத்திடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

குடும்பம் அந்த 30-ஐ இறுகப் பிடித்துக்கொண்டது. "70 சதவீதம் நம் பக்கம்" என்று அப்பா ஒவ்வொரு வருகையிலும் சொல்வார். முதல் ஆண்டு முடிந்ததும் அந்த 70 அவர் மனதில் 90 ஆனது. சொல்லப்போனால், எங்கள் மனதிலும்தான்.

கதிரியக்க அயோடின் கொடுப்பதா?

அறுவை முடிந்து 10-வது வாரத்தில், தைராய்டு மாத்திரையை நிறுத்தி, டிஎஸ்எச்-ஐ (தைராய்டு செல்களைத் தூண்டும் ஹார்மோனை) உயரவிட்டு மதிப்பிட்டோம். டிஎஸ்எச் 68. தைரோகுளோபுலின் மில்லிலிட்டருக்கு 0.9 நானோகிராம். தைராய்டு செல்கள் அயோடினை இழுத்துக்கொள்பவை என்பதால், கொஞ்சம் கதிரியக்க அயோடின் கொடுத்து எடுக்கும் கண்டறியும் ஸ்கேனில் தைராய்டு இருந்த இடத்தில் மட்டும் சின்னப் பிடிப்பு. தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடி 412. அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 4.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல்களும் அவற்றிலிருந்து வந்த புற்றுச் செல்களும் மட்டுமே தயாரிக்கும் புரதம். தைராய்டை முழுதாக எடுத்துவிட்டால் அது ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லாமல் போகவேண்டும். இருந்தால், எங்கோ அந்த வகைச் செல்கள் மிச்சம் இருக்கின்றன. இந்த நோயைப் பின்தொடர எங்களிடம் உள்ள சிறந்த அடையாளம் அது. ஆனால் ஹாஷிமோட்டோ அழற்சி இருப்பவர்களின் உடல் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் தயாரிக்கும். வழக்கமாக ஆய்வகங்கள் பயன்படுத்தும் முறையில், ஆன்டிபாடி ஒட்டிய புரதம் கருவியின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ரத்தத்தில் புரதம் இருக்கும், அறிக்கையில் இருக்காது.

குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. அணு மருத்துவ நிபுணர், பக்கக் கழுத்துக் கணுக்களில் நோய் இருந்ததால் சிகிச்சை அளவில் அயோடின் 131 கொடுத்துவிடலாம் என்றார். நானும் அறுவை நிபுணரும் காத்திருக்கலாம் என்றோம். 12 வயதுப் பெண், முன்னால் 70 ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பி பாதிப்பும், பின்னாளில் வேறு புற்று வரும் ஆபத்து கொஞ்சம் கூடுவதும் சிறு வயதில் அலட்சியப்படுத்தக்கூடிய விஷயங்கள் அல்ல. ஸ்கேனில் அயோடினைப் பிடிக்கும் நோய் எதுவும் தெரியவில்லை. பிறகு தேவைப்பட்டால் கொடுக்கலாம், கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

இந்த முடிவு தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் முடிவுக்கு நாங்கள் எழுதிவைத்த காரணங்களில் ஒன்று தவறு. "தூண்டிய தைரோகுளோபுலின் 2-க்குக் கீழ், ஆகவே நோய் மிச்சம் இருக்க வாய்ப்பு குறைவு" என்று பதிவேட்டில் எழுதியிருந்தோம். 412 ஆன்டிபாடிக்குப் பக்கத்தில் நிற்கும் 0.9-க்கு எந்த மதிப்பும் கிடையாது. அதைக் காரணமாக எழுதியதன் விளைவு, அடுத்த ஒவ்வொரு வருகையிலும் அந்த எண் நம்பகமானது போலவே நடத்தப்பட்டது.

நடுத்தர ஆபத்துக்கு வழிகாட்டி சொல்வதுபோல் டிஎஸ்எச்-ஐ 0.1-க்கும் 0.5-க்கும் இடையில் வைத்திருக்க மாத்திரை அளவு தீர்மானித்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுத்து அல்ட்ராசவுண்ட், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம்.

முதல் இரண்டு ஆண்டுகள்

6-ஆம் மாதம் ஆன்டிபாடி 260, 12-ஆம் மாதம் 150. இறங்குகிறது, நல்லது. தைராய்டுத் திசு போய்விட்டால் ஆன்டிபாடியைத் தூண்டப் பொருள் இல்லை, ஆனால் அது முழுதாக மறைய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே முழு எண்ணைவிட அது போகும் திசையைத்தான் பார்க்கவேண்டும். இறங்கினால் நிம்மதி. ஏறினால், ஆன்டிபாடியையே புற்றின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

16-ஆம் மாதம் அறிக்கை 310 என்று வந்தது. அதற்குள் ஆய்வகம் கருவியை மாற்றியிருந்தது, புதிய முறையின் மேல் வரம்பு 115. வெவ்வேறு முறைகளின் ஆன்டிபாடி எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். ஆகவே "முறை மாற்றம்" என்று குறித்துவிட்டு நகர்ந்தோம். பழைய ரத்தத்தின் உறைந்த மாதிரி ஆய்வகத்தில் இருந்தது. அதைப் புதிய முறையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அன்றே கேள்வி தீர்ந்திருக்கும். கேட்கவில்லை.

20-ஆம் மாதம் 395. ஆனால் டிஎஸ்எச் 9 என்று இருந்தது. சிறுமி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பதின்ம வயதில் இது வழக்கம்தான், எவ்வளவு கண்டிப்பான வீடாக இருந்தாலும். அவளிடம் தனியாகப் பேசியபோது, "தினமும் அதை முழுங்கும்போதுதான் எனக்கு இந்த நோய் இருக்கிறதே ஞாபகம் வருகிறது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்தோம், அது சரியான முடிவு. அன்று செய்த பிழை வேறு. டிஎஸ்எச் உயர்ந்தால் மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் தூண்டப்பட்டு ஆன்டிபாடி ஏறலாம், ஆகவே இந்த எண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இதற்கிடையே எல்லா அறிக்கைகளிலும் தைரோகுளோபுலின் "கண்டறிய முடியாத அளவு" என்றே வந்துகொண்டிருந்தது. 18-ஆம் மாத அல்ட்ராசவுண்டும் சுத்தம். அந்த ஸ்கேன் வேறொரு இடத்தில் எடுக்கப்பட்டது. தைராய்டு இருந்த இடத்தையும் வலது பக்கத்தையும் பற்றி இரண்டு பத்தி இருந்தது. இடது பக்கம் பற்றி எதுவும் இல்லை. இருப்பதைத்தான் எல்லோரும் வாசிக்கிறோம், இல்லாததைக் கவனிக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

18-ஆம் மாதச் சுருக்கத்தில் எங்கள் குழுவில் ஒருவர் "சிகிச்சைக்கு மிகச் சிறந்த பலன்" என்று பதிவு செய்திருந்தார். சிகிச்சைக்குக் கிடைத்த பலனை வைத்து ஆபத்தைத் திரும்பத் திரும்ப மதிப்பிடும் இந்த முறை முதலில் பெரியவர்களுக்காக உருவானது, குழந்தைகளிலும் முதல்நாள் பிரிவைவிட நன்றாகக் கணிக்கிறது. ஆனால் ஆன்டிபாடி இருப்பவரை அதில் "மிகச் சிறந்த" கட்டத்தில் வைக்க முடியாது. ஆன்டிபாடி நிலையாக இருந்தாலோ இறங்கினாலோ "தீர்மானிக்க முடியாத" கட்டம், ஏறினால் "ரத்தத்தில் மட்டும் மிச்சமுள்ள" கட்டம். எங்கள் சிறுமி அப்போது இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு நகர்ந்துகொண்டிருந்தாள்.

24-ஆம் மாதம்

அந்த வருகையில் மாத்திரை ஒழுங்காக இருந்தது, டிஎஸ்எச் 0.3. ஆய்வகம் அதே, கருவியும் அதே. ஆன்டிபாடி 540.

எங்கள் சிறப்புச் செவிலியர்தான் மூன்று எண்களையும் ஒரு வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் கொண்டுவந்தார். 310, 395, 540. ஒவ்வொரு புள்ளிக்கும் எங்களிடம் ஒரு சமாதானம் இருந்தது, அந்தக் கோட்டுக்கு இல்லை.

அன்றே பக்கக் கழுத்தை பகுதி பகுதியாக வரைபடமிடும் அல்ட்ராசவுண்டுக்கு, தைராய்டு புற்றில் பழகிய கதிரியல் நிபுணரிடம் அனுப்பினோம். இடது கழுத்தின் 4-ஆம் பகுதியில், காறை எலும்புக்குச் சற்று மேலே, 9 மி.மீ. கணு. உருண்டை வடிவம், நடுவில் இருக்கவேண்டிய கொழுப்புக் கோடு இல்லை, உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள். ஊசி வைத்து எடுத்த செல்களில் பாப்பிலரி புற்று. ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் மிக அதிகம். ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தாலும் இந்தக் கழுவுநீர்ச் சோதனை பெரும்பாலும் கைகொடுக்கும், ஏனென்றால் அங்கே புரதம் அவ்வளவு செறிவாக இருக்கும். மருந்து செலுத்தாமல் எடுத்த மார்பு சிடி ஸ்கேனில் நுரையீரல் சுத்தம். நிற ஊடக மருந்தில் அயோடின் இருப்பதால், அதைச் செலுத்தினால் அயோடின் சிகிச்சையை இரண்டு மூன்று மாதம் தள்ளவேண்டியிருக்கும் என்பதும் அந்த முடிவில் ஒரு காரணம்.

முதல் அறுவையின் திசுக்கட்டையை மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். ரெட் மரபணு இணைவு இருந்தது, அதாவது ரெட் மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட மாற்றம். பெரியவர்களின் பாப்பிலரி புற்றில் பிராஃப் மரபணுவின் புள்ளி மாற்றம் அதிகம் என்றால், குழந்தைகளில் ரெட், என்டிஆர்கே போன்ற இணைவுகள் அதிகம். இணைவு உள்ள கட்டிகள் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் பரவும் போக்கு கூடுதலாக உள்ளவை, சிகிச்சைக்குப் பிறகு மிச்சம் இருக்கும் வாய்ப்பும் கூடுதல். மறுகோடியில் டைசர்1 மாற்றம் உள்ள கட்டிகள் பெரும்பாலும் அமைதியானவை. முதல்நாளே இது தெரிந்திருந்தால் "நடுத்தரம்" என்ற சொல்லை இன்னும் விழிப்போடு பயன்படுத்தியிருப்போம். இடது பக்கத்தை முதலிலேயே வரைபடமிட்டிருப்போம் என்று நினைக்கிறேன்.

அம்மா கேட்டார், "இது திரும்பி வந்ததா, இல்லை அப்பவே இருந்ததா?" முதல் அல்ட்ராசவுண்டின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தோம். இடது கீழ்க்கழுத்தில் படமே எடுக்கப்படவில்லை. "அப்போதே இருந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் நிரூபிக்க எங்களிடம் படம் இல்லை" என்று சொன்னேன். ஆன்டிபாடி ஏற்றத்தை எட்டு மாதம் தாமதமாகக் கவனித்ததையும் சொன்னேன். அப்பா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த எட்டு மாதத்தில் என்ன கெட்டிருக்கும்?" என்றார். இந்தப் புற்று மெதுவாக நகர்வது, முன்பே கண்டுபிடித்திருந்தாலும் இதே அறுவைதான் தேவைப்பட்டிருக்கும் என்பதுதான் உண்மையான பதில். கணு இன்னும் சிறிதாக இருந்திருக்கலாம். அதற்குமேல் உறுதியாக எதையும் சொல்லவில்லை.

இரண்டாவது அறுவையும் அதற்குப் பிறகும்

இடது பக்கக் கழுத்துக் கணுக்கள் எடுக்கப்பட்டன. 16-இல் 4-இல் புற்று. கணுவின் உறையை எதுவும் தாண்டவில்லை. இரண்டாம் நாள் வடிகுழாயில் பால் போன்ற திரவம் வந்தது. இடது கீழ்க்கழுத்தில் நிணநீரைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய் ஓடுகிறது, அதில் சிறு கசிவு. கொழுப்பு நீக்கிய உணவோடு எட்டு நாளில் நின்றது. இப்படி நடக்கலாம் என்று அறுவை நிபுணர் முன்பே சொல்லியிருந்ததால் குடும்பம் பதறவில்லை.

மூன்று மாதம் கழித்து கதிரியக்க அயோடின் கொடுத்தோம். இந்த முறை குழுவில் கருத்து வேறுபாடு இல்லை. பக்கக் கழுத்தின் இரு புறமும் நோய், இணைவு மரபணு, ரத்த அடையாளத்தை நம்ப முடியாத நிலை. சிகிச்சைக்கு ஆறாம் நாள் எடுத்த முழு உடல் ஸ்கேனில் தைராய்டு இருந்த இடத்தில் இரண்டு சிறு புள்ளிகள் மட்டும். நுரையீரலில் பிடிப்பு இல்லை.

சிகிச்சைக்குப் பிறகு முதல் சில மாதங்கள் ஆன்டிபாடி ஏறலாம், அழியும் செல்கள் புரதத்தை வெளியே விடுவதால் அப்படி நடக்கும் என்று முன்கூட்டியே மூவரிடமும் சொல்லியிருந்தோம். அப்படியே 610-க்குப் போனது. ஓராண்டில் 380, இரண்டாம் ஆண்டில் 190, மூன்றாம் ஆண்டில் வரம்புக்குக் கீழே. வரம்புக்குக் கீழே என்றாலும் அளவீட்டில் குறுக்கிடும் அளவுக்குக் கொஞ்சம் இருக்கலாம் என்பதால் எண்ணையும் கூடவே எழுதிவைக்கிறோம். தைரோகுளோபுலின் 0.2-க்குக் கீழ். நான்கு வரைபட அல்ட்ராசவுண்டுகள் சுத்தம். இப்போதுதான் அவளை "மிகச் சிறந்த பலன்" கட்டத்தில் வைத்திருக்கிறோம்.

எங்கள் பிரிவில் மாறியவை

முதலாவதும் முக்கியமானதும்: ஆன்டிபாடி இல்லாமல் தைரோகுளோபுலினைத் தனியாக எழுதுவதில்லை. இரண்டும் ஒரே வரியில், பக்கத்தில் டிஎஸ்எச், பயன்படுத்திய முறையின் பெயர். "கண்டறிய முடியாத அளவு" என்ற சொற்றொடரை, ஆன்டிபாடி உள்ள குழந்தையின் பதிவில் எழுதினால் மூத்த மருத்துவர் அடித்துத் திருத்தி "மதிப்பிட முடியாது" என்று எழுதுகிறார். அந்தச் செவிலியரின் வரைபடத் தாள் இப்போது ஒவ்வொரு குழந்தையின் கோப்பிலும் முதல் பக்கம்.

ஆய்வகம் முறையை மாற்றினால், பழைய மாதிரியைப் புதிய முறையில் ஓட்டிப் புது அடிக்கோடு வாங்காமல் அடுத்த வருகையை முடிப்பதில்லை. ஓர் ஏற்றத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்தால், அந்த விளக்கத்தைச் சோதிக்கத் தேதி குறிக்கிறோம். மாத்திரை விட்டதால் ஏறியதா? சரி, எட்டு வாரத்தில் மறுபடி பார்ப்போம். அடுத்த வழக்கமான வருகைவரை தள்ளுவதில்லை.

அறுவைக்கு முன் இரு பக்கக் கழுத்தையும் எல்லாப் பகுதிகளிலும் பார்த்ததாக எழுதாத அல்ட்ராசவுண்ட் அறிக்கையை முழுமையற்றதாகவே எடுத்துக்கொள்கிறோம். கணுக்களில் பரவிய கட்டிகளுக்கு மரபணுச் சோதனையை முதல் அறுவையோடு சேர்த்தே அனுப்புகிறோம்.

அப்புறம் அந்த "எத்தனை சதவீதம்" கேள்வி. அதற்கு நான் இப்போது ஒற்றை எண் சொல்வதில்லை. அதைக் கேட்கும் பெற்றோரின் தேவை உண்மையானது என்பதால் மழுப்புவதும் இல்லை. "இன்று எங்களுக்குத் தெரிந்ததை வைத்து உங்கள் குழந்தை இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். இந்தக் கூட்டத்தில் பலருக்குத் திரும்பாது, சிலருக்குத் திரும்பும், கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்து வாழ்வார்கள். மூன்றாம் மாதச் சோதனை வந்ததும் இந்தப் பதில் மாறும். ஓராண்டில் மறுபடி மாறும். ஒவ்வொரு முறையும் நானே உங்களிடம் திருத்திச் சொல்வேன்" என்கிறேன். அடுத்த திருத்தத்தின் தேதியையும் அப்போதே எழுதிக்கொடுக்கிறேன்.

இன்றைய நிலை

அவளுக்கு 18 வயது நெருங்குகிறது, பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறவேண்டும். குழந்தைப் பருவத்தில் வந்த இந்தப் புற்று பல பத்தாண்டுகள் கழிந்தும் திரும்பியதுண்டு என்பதால் கண்காணிப்பு வாழ்நாள் முழுக்கத் தொடரும். டிஎஸ்எச்-ஐ இன்னும் இவ்வளவு அழுத்தி வைக்கவேண்டுமா என்று அடுத்த வருகையில் முடிவெடுக்கப் போகிறோம். எலும்பு அடர்த்திச் சோதனைக்கும் எழுதியிருக்கிறேன்.

பெரியவர்கள் பிரிவுக்கு அனுப்பும் கடிதத்தை அவளே படித்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். படித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னாள்: 20-ஆம் மாதம் "மாத்திரை ஒழுங்கின்மை" என்று எழுதியிருந்ததன் பக்கத்தில், அந்த ஏற்றத்துக்கு அது காரணம் இல்லை என்று பிறகு தெரிந்ததையும் எழுதச் சொன்னாள். எழுதினோம். வரைபடத் தாளின் ஒரு பிரதியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த ரத்தப் பரிசோதனை நான்கு மாதத்தில், அதே ஆய்வகத்தில்.